எங்கட வீதி ஆற்ற பொறுப்பில? மதகு உடைஞ்சு கிடக்குது, ஒரு அலுவலகமும் ஏற்கேல்லை

பாலையடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊரின்ர பெயரையும் மாவட்டத்தையும் இதில எழுதேல்லை. கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில இருந்து மேற்குப் பக்கமா உள்ளுக்குப் போற ஒரு கிராமம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. போர் முடிஞ்சு மீள்குடியேறின காலத்தில போட்ட கிறவல் வீதி. நடுவில ஒரு மதகு. போன மாரியில அதின்ர ஒரு பக்கம் இறங்கினது. இந்த மாரியோட நடுவும் உடைஞ்சு, உள்ளுக்கிருந்த கொங்கிறீட் குழாய் வெளியில தெரியுது. தண்ணி குறைஞ்சால் மோட்டார் சைக்கிள் ஓரத்தால ஒரு மாதிரிப் போகும். மழை விழுந்தால் அதுவும் இல்லை.

காலமை பள்ளிக்கூடம் போற பிள்ளையள் மதகடியில சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு இறங்குதுகள். பெரியாக்கள் ஆராவது நிண்டு சைக்கிளைத் தூக்கிக் குடுக்க வேணும். நெல்லு ஏத்த வாற லொறி மதகுக்கு அங்கால வராது. உழவு மெசினில மூட்டையை இஞ்சால கொண்டுவந்து ஏத்திற கூலியும் எங்கட தலையில. வருத்தக்காரரைக் கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்துதான் அம்புலன்ஸில ஏத்திறம்.

பிரதேச சபையிட்டப் போனால் "அது மாகாணத்தின்ர வீதி" எண்டினம். மாகாணத்தில "அது வாய்க்கால் வீதி, நீர்ப்பாசனத்திட்டக் கேளுங்கோ" எண்டினம். நீர்ப்பாசனத்தில "வாய்க்கால்தான் எங்கட, வீதி சபையின்ர" எண்டினம். கிராம அபிவிருத்திச் சங்கம் எழுதின கடிதத்துக்கெல்லாம் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" எண்டு ஒரு பிரதி வருது, அதோட சரி. இனி என்ன செய்யலாம்? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

வன்னிப்புயல் எழுதியது:

அக்கா, கடிதம் எழுதி இந்த நாட்டில ஒண்டும் நடக்காது. ஊர்ச்சனத்தைக் கூட்டிக்கொண்டு போய் பிரதான வீதியை மறியுங்கோ. ரீவிக்காரர் வந்தால் அண்டைக்கே ரிப்பரில கிறவல் வரும். இல்லையெண்டால் எம்பியைப் பிடிச்சு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில கதைக்க விடுங்கோ. எங்கட பக்கம் ஒரு வீதி அப்பிடித்தான் வந்தது.

பழைய கோப்பு எழுதியது:

பிள்ளை, நான் உள்ளூராட்சிச் சேவையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொல்வதுபோல் மறியல் செய்தால் கிறவல் வரும். அடுத்த மழைக்கு அந்தக் கிறவல் வாய்க்காலில் கிடக்கும். மதகு வராது. மதகுக்கு மதிப்பீடு வேண்டும், மதிப்பீட்டுக்கு வீதியின் உரித்துக்காரர் வேண்டும். அதுதான் உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கிறது.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. ஏ9, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 எல்லாம் அதில் அடங்கும். சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையது. ஊருக்குள் இருக்கும் மற்ற வீதிகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி சபையின் பொறுப்பில் வரும். வன்னியில் கதை இதோடு முடியாது, ஏனென்றால் எங்கள் ஊர்கள் குளத்தைச் சுற்றி இருக்கின்றன. குளக்கட்டு வீதியும் வாய்க்கால் ஓர வீதியும் நீர்ப்பாசனத்தின் கையில். அதிலும் 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். இரணைமடு போன்ற பெரிய குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். வீதி காட்டோரமாகப் போனால் வனவளத் திணைக்களம் எல்லைக்கல்லோடு வந்து நிற்கும். ஆகவே மூன்று இடத்தில் மூன்று பதில் சொன்னார்கள் என்பது எனக்குப் புதினமில்லை.

ஒவ்வொரு சபையிலும் வீதிப் பதிவேடு என்று ஒன்று இருக்க வேண்டும். வீதியின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், அகலம் அதில் இருக்கும். 2008, 2009 இடப்பெயர்வில் வன்னிக் கந்தோர்களின் கோப்புகள் எவ்வளவோ அழிந்தன. பிறகு புதிதாக எழுதினார்கள். மீள்குடியேற்ற நேரத்தில் பல நிறுவனங்கள் அவசரமாகப் போட்ட வீதிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். உங்களுடையதும் அப்படி இருக்கலாம். பதிவேட்டில் இல்லாத வீதிக்கு ஒரு சதமும் ஒதுக்க முடியாது.

ஆகவே மதகைத் திருத்தித் தாருங்கள் என்று எழுதுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவேட்டின் பிரதியைக் கேளுங்கள். ஒரே கேள்வியை மூன்று கந்தோருக்கும் கொடுங்கள். வாயால் "எங்களுடையது இல்லை" என்று சொல்லி அனுப்புவது சுகம். அதைக் கையெழுத்துப் போட்டுத் தருவது வேறு. இரண்டு பேர் எழுத்தில் இல்லை என்றால் மூன்றாமவருக்கு ஒளிக்க இடமில்லை.

கனடா வன்னியன் எழுதியது:

தங்கச்சி, வாசிக்கவே நெஞ்சு கொதிக்குது. பிள்ளையள் ஏன் அலுவலகங்களுக்காகக் காத்திருக்க வேணும்? இஞ்ச எங்கட ஊர்ச் சங்கத்தில ஒரு கூட்டம் வைச்சால் மதகுக்குக் காசு சேரும். ஒரு மேசனைப் பிடிச்சுக் கட்டுங்கோ, நாங்கள் அனுப்பிறம்.

தேன்சிட்டு எழுதியது:

கனடா அண்ணை, உங்கட மனசுக்கு நன்றி. ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. பொது வீதியில, அதுவும் வாய்க்காலுக்கு மேல, அனுமதி இல்லாமல் மதகு கட்ட ஊருக்கு உரிமை இல்லை. கட்டினாலும் நாளைக்கு வெள்ளத்தில அது அடைச்சு வயல் மூழ்கினால் ஆர் பதில் சொல்லிறது? அதைவிட, ஊர்ச்சனம் கட்டின மதகு ஒருத்தற்ற பட்டியலிலயும் வராது. திருப்பி உடையேக்க திருப்பி உங்களிட்டத்தான் கேக்க வேணும். நாங்கள் கடையில வாங்கிற ஒவ்வொரு சாமானிலயும் வரி கட்டிறம். மதகு கட்டிறதுக்குத்தான் அந்தக் காசு. அதைக் கேக்கிறதை நாங்களே விட்டால் பேந்து எப்ப கேக்கிறது?

பாலையடி அக்கா, எங்கட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இந்தத் தகவல் உரிமைச் சட்டத்தால கேட்டு வாங்கினது. எங்கட பிரச்சினை வேற மாதிரி. வீதி போட்டு முடிச்ச அடுத்த மாரியே மதகடி இறங்கீட்டுது. "இயற்கை அனர்த்தம்" எண்டிச்சினம். நாங்கள் மதிப்பீட்டையும், அதோட இருக்கிற அளவுப் பட்டியலையும் கேட்டம். பட்டியலில மதகுக்கு 900 மில்லிமீற்றர் விட்டக் குழாய் எண்டு போட்டிருந்தது. தையலுக்கு வைச்சிருக்கிற இஞ்சி நாடாவைக் கொண்டுபோய் ஒரு பிள்ளை குழாய் வாயில பிடிச்சுது. 600தான் இருந்தது. அதை நாங்கள் போனில படம் எடுத்து, பட்டியலின்ர அந்தப் பக்கத்தையும் சேத்து, ஒரே தாளில பிரதி எடுத்துக் குடுத்தம். அண்டைக்குப் பிறகு இயற்கை அனர்த்தம் எண்ட கதையை ஒருத்தரும் கதைக்கேல்லை.

இன்னொண்டு, இது கனபேருக்குத் தெரியாது. வேலை முடிஞ்சாலும் ஒப்பந்தக்காரருக்கு முழுக்காசும் குடுக்கிறேல்லை. வழமையா ஒரு வருசத்துக்குக் கொஞ்சக் காசைப் பிடிச்சு வைப்பினம். அதுக்குள்ள பழுது வந்தால் அவர் தன்ர செலவில திருத்த வேணும். அந்தக் காலம் முடியமுந்தி நாங்கள் எழுத்தில குடுத்தபடியால்தான் குழாயைக் கிண்டி மாத்தினவை. காலம் முடிஞ்சு போயிருந்தால் திருப்பிப் புது ஒதுக்கீட்டுக்கு அலைஞ்சிருப்பம். ஆகவே ஒரு வேலை முடிஞ்ச திகதியை ஊரில ஆராவது ஒராள் எழுதி வைச்சிருங்கோ. வீதியோரத்தில நடுற விபரப் பலகையையும் முதல் நாளே படம் எடுத்து வையுங்கோ. வெயிலுக்கும் மழைக்கும் அதில இருக்கிற எழுத்து நிக்காது.

வன்னிப்புயல் எழுதியது:

எல்லாம் சரி அக்கா, உங்கட ஊரில சங்கம் உசாரா இருக்கு. எங்கட ஊரில ஒருத்தர் தன்ர பெயரில கேட்டால் அடுத்த நாள் கந்தோர் முழுக்கத் தெரியும். காணிப் பெர்மிற்றுக்கும் அஸ்வெசும நிவாரணக் காசு முறைப்பாட்டுக்கும் திருப்பி அதே கந்தோருக்குத்தான் போக வேணும். "ஆர் கேக்கச் சொன்னது" எண்டு வீட்டை வந்து விசாரிப்பினமோ எண்ட பயமும் இருக்கு. வன்னியில இருக்கிற சனத்துக்கு அந்தப் பயம் ஏன் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பில இருக்கிறவைக்கு இந்தச் சட்டம் சரி.

பழைய கோப்பு எழுதியது:

தம்பி, பயம் நியாயமானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சட்டத்திலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. தனி ஆள்தான் கேட்க வேண்டும் என்றில்லை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் இலங்கைப் பிரசைகளாக இருந்தால் ஒரு அமைப்பும் கேட்கலாம். பதிவு செய்யப்படாத அமைப்பாக இருந்தாலும் சரி. ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எதுவும் கேட்கலாம். கூட்டத்தில் தீர்மானம் எடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதிச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் கொடுங்கள். அப்போது ஒரு குடும்பத்தைப் பிடித்துக் கேட்க ஆள் இருக்காது. ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரிக்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும், கந்தோரில் கோரிக்கையை வாங்கும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

கால எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கோரிக்கையை வாங்கியதும் எழுத்தில் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். அதிக தாள் தேடவேண்டும் போன்ற காரணம் இருந்தால் மேலும் 21 நாட்கள் வரை எடுக்கலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபாலில் அனுப்பலாம். கோரிக்கைக்குக் கட்டணம் கிடையாது. பிரதி எடுக்கும் செலவு மட்டும் உண்டு, அதிலும் முதல் நான்கு பக்கம் இலவசம்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு பற்றியும் ஒரு சொல். எம்பி கூட்டத்தில் கதைப்பார், பத்திரிகையில் வரும். அவர் பெயரில் வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வேலை நடந்தால் "அவர் தந்த வீதி" என்று ஊர் மாலை போடும். அது அவர் காசில்லை, திறைசேரிக் காசு. நீங்கள் அவரிடம் போவதைத் தடுக்கவில்லை. போகும்போது பதிவேட்டுப் பிரதியோடு போங்கள். வெறும் கையோடு போனால் உங்களுக்குக் கிடைப்பது வாக்குறுதி.

வன்னிப்புயல் எழுதியது:

ஐயா, சபைக்குத்தான் இப்ப புது உறுப்பினர்மார் வந்திருக்கினம். அவை ஏன் ஒண்டும் செய்யினமில்லை?

பழைய கோப்பு எழுதியது:

2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தலைக் காசில்லை என்று தள்ளினார்கள். அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் சபை என்றால் செயலாளர்தான். அந்தக் காலத்தில் சேர்ந்த வேலைகள் எல்லாம் புதியவர்களின் மேசையில் கிடக்கின்றன. ஆனால் அதைச் சொல்லியே நான்கு வருடத்தையும் கழிக்க விடக்கூடாது.

மாகாணத்தின் நிலை இதைவிட மோசம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநரின் கீழ்தான் எல்லாம். பிள்ளையின் மதகு மாகாணத்தினுடையது என்று முடிந்தால், "எனக்கு வோட்டுக் கேட்டு வந்தாயே" என்று பிடித்துக் கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லை. இந்த ஆத்திரம் எனக்கு அடங்குவதே இல்லை. அதனால்தான் தாளைப் பிடியுங்கள் என்கிறேன். தேர்தல் நடக்காத காலத்திலும் தகவல் அலுவலர் கதிரையில் இருந்தே ஆக வேண்டும்.

நாலாம் வாய்க்கால் எழுதியது:

நான் கிளிநொச்சிப் பக்கம். எங்க அப்பா அம்மா 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்த விட்டு வந்து இங்க காடு வெட்டிக் குடியேறுனவங்க. இவ்வளவு வருசமாகியும் எங்க குடியிருப்புல பாதிப்பேருக்குக் காணிக்குப் பெர்மிட் இல்ல. அதனால எங்க ஒழுங்கை எந்த வரைபடத்துலயும் வீதின்னு இல்ல. "தனியார் காணிக்குள்ள போற பாதை"ங்கிறாங்க. இன்னொரு கந்தோர்ல போனா "அது தனியார் காணியே இல்ல, அரச காணி"ங்கிறாங்க. பதிவேட்டுல ஏறாத வீதின்னு ஐயா சொன்னாரே, அதுல எங்கள மாதிரி ஆளுங்கதான் கூட. வோட்டுப் போடுறப்ப மட்டும் எங்க வீட்டு இலக்கம் எல்லாருக்கும் தெரியுது. எங்களுக்கு ஏதாவது வழி இருக்கா?

பழைய கோப்பு எழுதியது:

தம்பி, உங்களுடையது இரண்டு பிரச்சினை. ஒன்றை மற்றதற்காகக் காக்க வைக்காதீர்கள். பெர்மிற் பிரதேச செயலகத்தின் வேலை. அது இழுபடும். பொதுச்சனம் நெடுநாளாகப் பாவிக்கும் பாதையைச் சபை பொறுப்பேற்கத் தீர்மானம் எடுக்கலாம். உங்கள் வட்டார உறுப்பினரைக் கொண்டு சபையில் பிரேரணை கொண்டுவரச் செய்யுங்கள். அந்தப் பிரேரணைக்கு என்ன நடந்தது என்று கூட்டறிக்கையின் பிரதியைப் பிறகு நீங்களே கேட்டு எடுக்கலாம். பிரதேச செயலகத்திடம் வேறாக, உங்கள் கிராம அலுவலர் பிரிவில் பெர்மிற்றுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்களின் நிலை பற்றிய ஆவணத்தைக் கேளுங்கள். ஊரில் ஐம்பது வீட்டுக்காரர் தனித்தனியாகப் போய் நிற்பதைவிட ஒரு சங்கம் அந்தப் பட்டியலை வாங்கினால் பலம் கூட.

நாலாம் வாய்க்கால் எழுதியது:

நன்றிங்க ஐயா. எங்க மாதர் சங்கத்துல இந்த மாசக் கூட்டத்துல பேசுறோம்.

துணுக்காய்ச் சேர் எழுதியது:

பழைய கோப்பு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை வருடக் கடைசி மாதங்களில் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். முன்மொழிவும் கேட்பார்கள். அறிவித்தல் சபையின் விளம்பரப் பலகையில் ஒட்டியிருக்கும், ஊரில் ஒருவரும் பார்ப்பதில்லை. மார்ச்சில் போய் மதகு கேட்டால் "ஒதுக்கீடு முடிந்தது" என்ற பதிலில் பிழை இல்லை. ஒக்டோபரில் கேட்காதது எங்கள் பிழை. சபைகளின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஒவ்வொரு வருடமும் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அந்த அறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் சபையின் அறிக்கையை உயர்தர மாணவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். செலவழிக்காமல் திரும்பிப் போன காசு, முடியாத வேலை எல்லாம் அதில் இருக்கும்.

பேருந்து விடயத்துக்கும் இதே வழி பொருந்தும். தனியார் பேருந்துக்கு வழி அனுமதி கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. அனுமதிப் பத்திரத்தில் எத்தனை சேவை, எத்தனை மணிக்கு என்று இருக்கும். அதன் பிரதி கையில் இருந்தால் கடைசி பஸ் வராத நாளில் நடத்துநரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பாலையடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சங்கக் கூட்டத்தில இந்த இழையை வாசிச்சுக் காட்டினனான். கனடா அண்ணையின்ர உதவியைப் பற்றி வாக்குவாதம் வந்தது. மழைக்காலத்தில பிள்ளையள் என்ன செய்யிறது எண்டு கேட்ட தாய்மாரும் சரியான கேள்விதான் கேட்டவை. கடைசியில, பிள்ளையள் நடந்து கடக்க மட்டும் மரப்பலகை போடுறது எண்டும், மதகுக்கு ஒரு சதமும் வாங்கிறேல்லை எண்டும் தீர்மானிச்சம். பலகைக்கு ஊரிலயே பாலை மரம் இருக்கு.

கடிதம் இப்பிடி எழுதியிருக்கிறம், பாருங்கோ:

"2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எமது சங்கம் பின்வரும் தகவல்களைக் கோருகின்றது. எமது கிராமத்துக்கான பிரதான வீதி எந்த நிறுவனத்தின் வீதிப் பதிவேட்டில் உள்ளது? அவ்வீதியில் உள்ள மதகு எப்போது, எந்த நிதியில், யாரால் அமைக்கப்பட்டது? மதகு உடைந்து இவ்வளவு காலமாகியும் ஏன் திருத்தப்படவில்லை? இதற்குப் பொறுப்பான அதிகாரி யார்? எமது கடிதங்களுக்கு ஏன் பதில் இல்லை?"

மூண்டு கந்தோருக்கும் இதே கடிதம். திங்கட்கிழமை குடுக்கிறம்.

பழைய கோப்பு எழுதியது:

பிள்ளை, திங்கட்கிழமைக்கு முதல் இதைத் திருத்துங்கள். "ஏன்" என்று வரும் இரண்டு கேள்வியையும் வெட்டுங்கள். அந்தச் சட்டம் கந்தோரில் இருக்கும் தாளைத் தருவதற்கு. விளக்கம் எழுதித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. "ஏன்" என்று கேட்டால் "அப்படியொரு தகவல் எம்மிடம் இல்லை" என்று சுலபமாக எழுதி முழுக் கடிதத்தையும் மூடிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "எமது வீதி அடங்கிய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி. அப்படிப் பதிவு இல்லையெனில் இல்லை என்ற எழுத்துமூல உறுதி. மதகு அமைத்த வேலையின் மதிப்பீடு, அளவுப் பட்டியல், வேலை நிறைவுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகள். எமது சங்கம் அனுப்பிய கடிதங்கள் உள்ள கோப்பின் பிரதி, அதில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் உட்பட. இவ்வருட வீதித் திருத்த முன்னுரிமைப் பட்டியலின் பிரதி." கோப்புக் குறிப்பில்தான் "ஏன்" என்பதற்கான பதில் இருக்கும். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் யார் என்ன எழுதி யாருக்குத் தள்ளினார் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

தமிழில் பதில் தரும்படி ஒரு வரி சேருங்கள். அது உங்கள் உரிமை. வீதி தொடங்கும் சந்தியையும் முடியும் இடத்தையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஒரே பெயரில் நாலு வீதி இருக்கும்.

தேன்சிட்டு எழுதியது:

நாலாவதா கமநல சேவை நிலையத்துக்கும் ஒரு பிரதி குடுங்கோ அக்கா. வாய்க்கால் சின்னக் குளத்தில இருந்து வருதெண்டால் மற்ற மூண்டு பேரும் சேந்து அவையிட்டத் தள்ளுவினம். பற்றுச்சீட்டில திகதி முத்திரை அடிச்சுத் தராட்டில் அந்த இடத்திலயே நிண்டு கேளுங்கோ. அந்தத் திகதியில இருந்துதான் 14 வேலை நாள் எண்ண வேணும்.

பாலையடி எழுதியது:

திருத்தியாச்சு ஐயா. "ஏன்" எல்லாத்தையும் எடுத்தாச்சு. கமநலத்துக்கும் சேத்து நாலு பிரதி. அக்கா, அந்த இஞ்சி நாடாக் கதையைக் கேட்டுப் பிள்ளையள் நாளைக்குக் குழாய் அளக்கப் போகினமாம். தண்ணி வத்தினால் அளவையும் படத்தையும் இதில போடுறன். பதில் வந்தாலும் வராட்டிலும் எழுதுறன்.